லீவு கப்பின் சந்தேக வரலாறு

புது டென்னிஸ் பந்துக்கு ஒரு வாசனை உண்டு. ரப்பரும் பஞ்சும் பெட்டிக்கடை அட்டைப்பெட்டியும் கலந்து லேசாக மூக்கை அரிக்கிற வாசனை. மற்ற ஊர்ப் பையன்கள் அதை ஆசையாக முகர்ந்திருப்பார்கள். நாங்கள் சோதனைக்காக முகர்ந்தோம். ஆட்டம் தொடங்குமுன் இரண்டு கேப்டன்களும் பந்தை வாங்கி, கண்ணை மூடி, மூச்சை ஆழ இழுத்துப் பார்ப்பார்கள். ரப்பர் வாசனை வந்தால் ஆட்டம் நடக்கும். இட்லி மாவின் புளிப்போ கறிவேப்பிலையோ லேசாக வீசினாலும் போச்சு, அது முந்தின நாள் யாரோ வீட்டு ஃபிரிட்ஜில் மீந்த சாம்பாரின் பக்கத்தில் கிடந்த பந்து என்று அர்த்தம். ஃபிரிட்ஜில் வைத்த பந்து எழும்பாது என்பதை எங்கள் வட்டாரத்தில் யார் கண்டுபிடித்தார்கள் என்று தெரியவில்லை, ஆனால் கண்டுபிடித்த பிறகு ஒருவர் பந்தை ஒருவர் நம்பியதே இல்லை.

இரண்டாயிரங்களின் முதல் பாதியில், மேற்குத் தாம்பரத்துக்கும் முடிச்சூருக்கும் நடுவில் வற்றிக் கிடந்த ஓர் ஏரியில், ஒவ்வொரு மே மாதமும் நாங்கள் நடத்திய போட்டியின் பெயர் ‘லீவு கப்’. பள்ளி லீவில் நடந்ததால் அந்தப் பெயர். தெருவுக்கு ஒரு அணி. கோப்பை என்னவோ உண்மையான கோப்பைதான், ஆனால் அதன் உச்சியில் நின்ற பித்தளை ஆள் கையை உயர்த்தி வாலிபால் அடித்துக்கொண்டிருந்தான். எந்தப் பள்ளியிலிருந்து யார் தூக்கி வந்தது என்று கேட்டால் எங்கள் தெருவின் பெரிய அண்ணன்கள் முறைப்பார்கள். ஆக, முதல் நாளிலிருந்தே அந்தப் போட்டியில் எதுவும் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது இல்லை. பெரிய போட்டிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் யார் எத்தனை ரன் அடித்தார்கள் என்று எழுதுவார்கள். லீவு கப்பின் வரலாற்றை எழுத வேண்டுமானால் யார் யாரை எதற்காகச் சந்தேகப்பட்டார்கள் என்றுதான் எழுத வேண்டும், ஏனென்றால் எங்கள் விதிகள் ஒவ்வொன்றும் ஒரு சண்டையில் பிறந்தவை.

அம்பயர் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தெருக் கிரிக்கெட்டில் பேட்டிங் செய்யும் அணியிலிருந்தே ஒருவன் அம்பயராக நிற்பது வழக்கம். அவன் தன் ஆளுக்கு அவுட் கொடுக்க மாட்டான், எதிரணிப் பந்தெல்லாம் அவன் கண்ணுக்கு வைடாகவே தெரியும். இது அநியாயம் என்று ஒரு வருடம் கூடிப் பேசி, ஆடாத மூன்றாவது தெருவிலிருந்து அம்பயரைக் கொண்டுவந்தோம். அவர்கள் பாடு இன்னும் மோசம். அடுத்த ஆட்டத்தில் எந்த அணி வந்தால் தங்களுக்குச் சுலபமோ அந்த அணியை ஜெயிக்க வைத்தார்கள். மறுவருடம் பேசாமல் பழைய முறைக்கே திரும்பினோம். பொய் சொல்கிறவன் யாருடைய ஆள் என்றாவது முன்கூட்டியே தெரிந்தால் போதும் என்கிற நிலைக்கு வந்திருந்தோம்.

எங்கள் அணியின் கேப்டன் ரஃபீக். அவனுடைய அத்தா தாம்பரம் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருந்தார். குடம், பக்கெட், முறம் எல்லாம் கடை வாசலில் கயிற்றில் தொங்கும். ரஃபீக்கின் வீட்டுக்கு நேர் எதிரில் எங்கள் வாடகை வீடு, அதனால் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவன் எனக்குக் கூட்டாளி. அவன் பந்து வீசுவான், நான் விக்கெட் கீப்பர். அவன் கையிலிருந்து பந்து கிளம்புவதற்கு முன்பே அது எந்தப் பக்கம் வரும் என்று எனக்குத் தெரிந்துவிடும். மூன்றாவது ஆள் பாஸ்கர், வைஸ் கேப்டன். பிறவியிலேயே சந்தேகக்காரன். கடைக்காரர் கொடுத்த மிட்டாயைக் கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவான். அவனை ‘சிஐடி’ என்றே கூப்பிடுவோம், அவனும் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டான்.

ஒரு வருடம் பக்கத்துத் தெருக்காரர்கள் புதிதாக ஒருவனை அழைத்துவந்தார்கள். ஆறடி உயரம், நல்ல தாடி. "எங்க பெரியம்மா பையன், லீவுக்கு வந்துக்கீறான்" என்றார்கள். பெரியம்மா பையன் எங்கள் பந்துகளையெல்லாம் ஏரிக்கரை முள்ளுக்காட்டுக்கு அனுப்பிவிட்டு, தண்ணீர் குடிக்க வந்த இடத்தில் இந்தியில் ஏதோ கேட்டான். பெரியம்மா பையனுக்கு ஒரு சொல் தமிழ் வராதது எப்படி என்று பாஸ்கர் பிடித்துக்கொண்டான். பொத்தேரியில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த கல்லூரி மாணவன் அவன் என்பது அன்று மாலைக்குள் தெரிந்துபோனது. அதற்குப் பிறகு எங்கள் அணிதான் முன்னின்று, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ரஃபீக் சொல்ல, பாஸ்கர் திருத்த, நான் பலமாக ஆமோதிக்க, ‘தூக்க ரூல்’ என்ற ஒன்றைக் கொண்டுவந்தோம். எவன் எந்தத் தெருவில் தூங்கி எழுகிறானோ அவன் அந்தத் தெருவுக்கு மட்டும்தான் ஆட வேண்டும்.

ரூல் போட்டால் ஆயிற்றா, சோதிக்க வேண்டாமா? அதற்காக வந்ததுதான் ‘பிரஷ் செக்கிங்’. போட்டி நடக்கும் நாட்களில், பால் பாக்கெட் போடும் நேரத்துக்கு, எதிரணி ஆள் ஒருவன் சைக்கிளில் தெருவுக்குள் வருவான். அணியில் இருக்கிற ஒவ்வொருவனும் தன் வீட்டு வாசலில் பிரஷ்ஷும் வாயுமாக நிற்க வேண்டும். விடியற்காலையில் வேறெங்கிருந்தோ வந்து பிரஷ்ஷைப் பிடித்தால் என்ன செய்வது என்று பாஸ்கர் கேட்டதால், முகம் கழுவாமல் கண்ணில் பீளையோடு நிற்க வேண்டும் என்று திருத்தம் வந்தது. அந்த மே மாதக் காலைகளில் எங்கள் பகுதி முழுக்க வாசலுக்கு வாசல் பையன்கள் வாயில் நுரையோடு நின்றது பால்காரருக்கும் கோலம் போட வந்த அம்மாக்களுக்கும் கடைசிவரை புரியவில்லை. "இவ்வளவு நேரம் தேய்ச்சா பல்லு இன்னாத்துக்கு ஆவும்?" என்று பாஸ்கரின் அம்மா தினமும் திட்டுவார்.

அந்த ரூல் என் கழுத்தையே பிடிக்கும் என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த வருடம் பொங்கல் கழிந்து அப்பா முடிச்சூரில் கட்டிய வீட்டுக்குக் குடிபோனோம். நேற்றுவரை நெல் விளைந்த நிலத்தில் கல் நட்டு மனை பிரித்திருந்தார்கள். தெருவிளக்கு இல்லை, பஸ் இல்லை, குடிதண்ணீர் லாரியில் வந்தது. பள்ளி மட்டும் தாம்பரத்திலேயே தொடர்ந்ததால் தினமும் ரஃபீக்கைப் பார்த்தேன், ஆனால் ஏதோ மாறியிருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்ட பையன்கள் என்னை "முடிச்சூரு" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். விளையாட்டுக்குத்தான் என்றார்கள். எனக்கு அது முள்ளாகக் குத்தியது. வீடு மாறியதற்கு நானா காரணம்? கிரகப்பிரவேசத்தன்று அம்மா அப்பா முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தும், இந்த வீடு இன்னும் இரண்டு வருடம் கழித்து முடிந்திருக்கக் கூடாதா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த அணி வேண்டும், அந்தத் தெரு வேண்டும், ரஃபீக்கின் பந்துக்குப் பின்னால் குனிந்து நிற்கிற இடம் எனக்கே வேண்டும். அந்த வயதில் வேறு எதுவும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

மே வந்ததும் ரஃபீக்தான் வழி சொன்னான். "எங்க வூட்ல படுத்துக்கோடா. இங்க தூங்கி இங்க எழுந்தா யாரு இன்னா கேக்க முடியும்?" என்றான். தலையணை, போர்வை, பிரஷ் சகிதம் நான் கிளம்பியபோது அப்பாவுக்குக் கோபம் வந்தது. "சொந்த வீடு கட்டி சுண்ணாம்பு வாசனை கூட போகல, அதுக்குள்ள அடுத்தவங்க வீட்ல போய் படுக்கிறியா? பாக்கிறவன் என்ன நெனப்பான்?" என்று கேட்டார். அம்மா மட்டும், "போற எடத்துல மானத்த வாங்காம இரு, படுக்கைய நீயே மடிச்சு வை" என்று சொல்லி அனுப்பினாள்.

ரஃபீக்கின் அத்தா அதிகாலைத் தொழுகைக்குக் கிளம்பும்போதே எங்களை எழுப்பிவிடுவார். நான் கண்ணைத் துடைக்காமல் வாசலில் போய் நிற்பேன். அந்த வருடம் எங்கள் தெருவுக்குச் செக்கிங்குக்கு வந்தவன் ஸ்டீபன், முடிச்சூர் அணியின் கேப்டன். எங்கள் புது வீட்டிலிருந்து இரண்டு மனை தள்ளித்தான் அவன் வீடு. மனை பிரிப்பதற்கு முன்பிருந்தே அந்த ஊர்க்காரர்கள் அவர்கள். சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்று என் கண்ணையும் வாயையும் மாட்டு வியாபாரியைப் போல உற்றுப் பார்ப்பான். அக்கம்பக்கத்துக்காரன், பேசாமல் எப்படி இருப்பது? ஒரு நாள் மெதுவாக, "தண்ணி லாரி வந்துச்சா நம்ம பக்கம்?" என்று கேட்டேன். வீட்டில் அம்மா ஒற்றையாகக் குடம் தூக்குவாளே என்ற கவலை. "வர்ல, நாளைக்கு வரும்" என்று அவனும் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனான்.

எதிர்ச்சாரியில் தன் வீட்டு வாசலில் பிரஷ்ஷோடு நின்ற பாஸ்கர் அதைக் கேட்டுவிட்டான். தெரு எழுந்திராத நேரம் என்பதால் நாங்கள் மெதுவாகப் பேசியது அவனுக்குக் குசுகுசுவென்று காதைக் கடித்ததாகத் தெரிந்திருக்கிறது. அன்று முழுக்க அவன் அணியில் ஒருவன் பாக்கி இல்லாமல் சொல்லிக்கொண்டு திரிந்தான். "‘நம்ம பக்கம்’னு சொன்னான்டா, என் காதால கேட்டேன். அவன் வூடு அங்க கீது, மனசு மட்டும் இங்க இருக்குமா? தண்ணி லாரின்னா இன்னா, ஏதோ கோடு வார்த்தைடா அது." நான் கத்தினேன், சத்தியம் செய்தேன், முடிச்சூருக்கு வந்து லாரியைப் பார் என்று கூப்பிட்டேன். கத்தக் கத்தச் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. ரஃபீக் மட்டும், "வுடுங்கடா, பேஜாரு பண்ணாதீங்க" என்றான். ஆனால் அவன் என் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லவில்லை.

நாங்கள் ஒவ்வொரு தெருவாக ஜெயித்து இறுதி ஆட்டத்துக்கு வந்தோம். எதிரே, வேறு யார், ஸ்டீபனின் முடிச்சூர். முதலில் நாங்கள் பேட்டிங் செய்து முடித்து, ஃபீல்டிங்குக்கு இறங்கும்போது ரஃபீக் என்னிடமிருந்து கீப்பிங் கிளவுஸை வாங்கி இன்னொருவனிடம் கொடுத்தான். "நீ கெழக்கால பவுண்டரிக்குப் போடா. அங்கதான் கேச் வரும், நீ போனா புடிப்ப" என்றான். நான் கீப்பிங் நிற்காத ஆட்டம் அதுவரை ஒன்று கூட இல்லை. அதுவும் மாலை வெயில் முகத்தில் அறைகிற கிழக்குப் பக்கம், ஸ்டம்புக்கும் பந்துக்கும் அத்தனை தூரத்தில். இது பாஸ்கர் ஓதிய வேலை என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். செங்கல் வைத்துக் குறித்த பவுண்டரியில் தனியாக நின்று, ரஃபீக்கும் பாஸ்கரும் தலையை ஒட்டி வைத்துப் பேசுவதைப் பார்க்கும்போதெல்லாம் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்துப் பொருமினேன்.

கடைசிப் பந்து. பவுண்டரி போனால் அவர்களுக்கு, போகாவிட்டால் எங்களுக்கு. ரஃபீக் வீசினான், ஸ்டீபன் தூக்கி அடித்தான். அது நேராக என்னைப் பார்த்து எழும்பியது. என் வாழ்க்கையில் அவ்வளவு சுலபமான கேட்ச் எனக்கு வந்ததில்லை. ஓடவே வேண்டியிருக்கவில்லை, கையை ஏந்தி நின்றால் போதும். இதைப் பிடித்துவிட்டால் முடிச்சூரும் இல்லை, லாரியும் இல்லை, எல்லார் வாயும் அடைந்துவிடும் என்று நினைத்தது வரை நன்றாக நினைவிருக்கிறது. பிறகு பந்து ஏரிக்கரைக்கு மேலே நின்ற சூரியனுக்குள் போனது. வெள்ளையாக ஒரு வெளிச்சத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. உள்ளங்கையின் அடியில் ஏதோ இடித்தது, குனிந்து பார்ப்பதற்குள் பந்து செங்கல்லைத் தாண்டி உருண்டுகொண்டிருந்தது.

"லாரி வந்துடுச்சுடா!" என்று பாஸ்கர் தூரத்திலிருந்து கத்தினான்.

வெயில் பார்த்த கண்ணில் தண்ணீர் கொட்டியது. அழுது நடிக்கிறான் என்றார்கள். கையைக் காட்டினேன், சிவந்திருந்த இடத்தைக் காட்டினேன், சூரியனையே காட்டினேன். போதாக்குறைக்கு ஸ்டீபன் ஓடி வந்து எல்லார் எதிரிலும் என் தோளில் கை போட்டு, "தேங்க்ஸ் மச்சான்!" என்று சிரித்தான். அவன் வெறுப்பேற்றத்தான் சொன்னான் என்று எனக்குத் தெரியும், ஆனால் கேட்ட மற்றவர்களுக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. நான் ரஃபீக்கை மட்டும் பார்த்தேன். அவன் குனிந்து ஸ்டம்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

தலையணையை எடுக்க அவன் வீட்டுக்குப் போனபோது, நடந்தது எதுவும் தெரியாத அவனுடைய அம்மா, "என்னப்பா அவசரம், சாப்ட்டுப் போ" என்று தட்டு வைத்துவிட்டார்கள். சோற்றைத் தண்ணீர் குடித்துக் குடித்து இறக்கினேன். ரஃபீக் எதிரில் உட்கார்ந்து தட்டைப் பார்த்தே சாப்பிட்டான். திட்டியிருந்தால் கூடத் தேவலை. போர்வையைச் சுருட்டி சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு முடிச்சூருக்கு வந்து சேர்ந்தேன்.

அதற்கப்புறம் அந்த வருடம் முழுக்க நான் பழைய தெருப் பக்கம் போகவில்லை. பள்ளியில் ரஃபீக் எதிரில் வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். அடுத்த மே வந்தபோது, சரி, இனி நம் விதி இதுதான் என்று ஸ்டீபனிடம் போய் என்னையும் சேர்த்துக்கொள் என்று கேட்டேன். அவன் தலையைச் சொறிந்தான். "தப்பா எடுத்துக்காத மச்சான். பசங்க வேணாம்ங்கிறானுங்க. அவனுங்களுக்கே கேச்சு வுட்டவன் நமக்கு மட்டும் ஒழுங்கா ஆடுவானான்னு கேக்கிறானுங்க" என்றான். இது எப்படி இருக்கிறது பாருங்கள். ஜெயித்தவர்களே அந்தக் கேட்சை நான் வேண்டுமென்றே விட்டதாக நம்பினார்கள். எந்தத் தெருவும் இல்லாதவனாக, புது வீட்டின் மொட்டை மாடியில் சுவரில் பந்தை அடித்துக்கொண்டு அந்த லீவைத் தொடங்கினேன்.

போட்டி தொடங்க இரண்டொரு நாள் இருக்கையில், சாயங்காலம் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. ரஃபீக் நின்றுகொண்டிருந்தான். அந்தப் பக்கமெல்லாம் மண் ரோடு, சட்டை முழுக்கப் புழுதி.

"தலகாணி எட்த்துகினு வா," என்றான்.

"என்னை நம்புறியாடா?" என்று கேட்டேன்.

"இல்ல," என்றான் சட்டென்று. யோசிக்கக் கூட இல்லை.

"அப்புறம் எதுக்குடா வந்த?"

"சந்தேகம் கீது, அது பாட்டுக்கு இருக்கட்டும். அதுக்கோசரம் நீ இல்லாம ஆட முடியுமா? ஒரு வருசமா பேஜாரா கீதுடா. வர்றியா, இல்லியா?"

எனக்கு அவனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் உள்ளே போய்த் தலையணையை எடுத்துவந்தேன். அம்மா பிரஷ்ஷைக் கையில் கொடுத்தாள். அந்த வருடம் நான் மறுபடியும் கீப்பிங் நின்றேன். முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். நல்லவேளையாக என் பக்கம் கேட்ச் எதுவும் வரவில்லை, அதனால் பாஸ்கருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை.

லீவு கப் எப்போது நின்றது என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. யாரும் நிறுத்தவில்லை. ஒரு மே மாதம் போனால் ஏரியில் லாரி லாரியாக மண் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருடம் சுற்றுச்சுவர் வந்தது. அதற்குள் எங்களுக்கும் கல்லூரி, வேலை என்று ஆளுக்கொரு திசை. இன்று அங்கே வரிசையாக அடுக்குமாடி வீடுகள். பெருமழை வந்தால் மட்டும் தண்ணீர் பழைய இடத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு வருகிறது. வாலிபால் ஆள் நின்ற கோப்பை யார் வீட்டுப் பரணில் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. பாஸ்கர் வீட்டில் இருக்கும் என்பது என் சந்தேகம். நான் சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். எப்போதாவது அலுவலகத்து ஆட்கள் விளக்கு போட்ட மைதானத்தை வாடகைக்கு எடுத்து ஆடுவார்கள். வைட் என்றால் வைட், அவுட் என்றால் அவுட், யாரும் எதையும் மறுத்துப் பேசுவதில்லை. ஆட்டம் முடிந்ததும் கைகுலுக்கிவிட்டு அவரவர் காரில் ஏறிப் போய்விடுகிறோம். போன வாரம் ஒரு கேட்சை விட்டேன். "பரவாயில்லை சார்" என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போகிறேன். அத்தாவுக்குப் பிறகு கடையை ரஃபீக்தான் பார்த்துக்கொள்கிறான். முன்தலை வழுக்கை விழுந்துவிட்டது, இரண்டு பெண் குழந்தைகள். எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, விலை கேட்டு வந்தவர்களை அனுப்பிவிட்டு, வியாபாரம் ஓய்ந்த நேரம் பார்த்து மெதுவாக ஆரம்பிப்பான்.

"இப்பவாச்சும் நெஜத்த சொல்லுடா. வெயிலா?"

"வெயில்தான்டா. நீ சொல்லு, கிளவுஸ புடுங்கிட்டு என்னை அந்தப் பக்கம் ஏன் நிறுத்தின? பாஸ்கர்தான சொன்னான்?"

"சேச்சே. கேச் வரும்னு நானாத்தான் நிறுத்தினேன்."

அவன் என் முகத்தைப் பார்ப்பான், நான் அவன் முகத்தைப் பார்ப்பேன். அவன் சொன்னதை நான் நம்பவில்லை, நான் சொன்னதை அவனும் நம்பவில்லை. எதிர்க்கடைக்குக் குரல் கொடுத்து இரண்டு டீ சொல்லுவான். இத்தனை வருடம் விடாமல் என்னைச் சந்தேகப்பட எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?